தரைக்குள் விட்ட குச்சி

சாலிஸ்பரிக்குப் போய்வந்தேன் என்றால் எல்லோரும் கோபுரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 123 மீட்டர், பிரிட்டனில் அதைவிட உயரமான தேவாலயக் கூர்கோபுரம் கிடையாது. எனக்கு நினைவுக்கு வருவது ஒரு குச்சி. பேராலயத்தின் கல்தரையில் சின்ன மூடி ஒன்று இருந்தது. எழுபது வயது தாண்டிய வழிகாட்டி அம்மாள் ஒருவர் அதைத் திறந்து, நீளமான குச்சியை உள்ளே இறக்கி, வெளியே எடுத்துக் காட்டினார். நுனி நனைந்திருந்தது. ஜெனரேட்டர் டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போமே, அப்படி.

"தண்ணீர் இருக்கிறது. நல்லது" என்றார்.

நான் முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித்துறையில் இருந்தவன். அதில் பாதிக்குமேல் காவிரி டெல்டாவில், மதகும் கரையும் வாய்க்காலுமாகப் போனது. கடைக்கால் தோண்டும்போது தண்ணீர் ஊறினால் எங்களுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். பம்பு வைத்து இறைப்போம், கான்ட்ராக்டரைத் திட்டுவோம், மேலதிகாரியிடம் திட்டு வாங்குவோம். இங்கே ஓர் அம்மாள் 6,500 டன் எடையுள்ள கோபுரத்துக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார். கடைக்கால் எத்தனை ஆழம் என்று கேட்டேன். சொன்னார். நான்கா, நாற்பதா என்று இன்னொரு தடவை கேட்டேன். நான்குதான். நான்கு அடி.

2019 செப்டம்பரில் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். சவுத்தாம்ப்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ரயிலில் அரைமணி நேரத் தொலைவில் சாலிஸ்பரி, அதைவிடப் பக்கத்தில் வின்செஸ்டர். லண்டனைப் பார்த்தாயிற்று, மெழுகு பொம்மைகளையும் பார்த்தாயிற்று. பிறகு, "அப்பா, உங்களுக்குக் கட்டடம்தானே பிடிக்கும்" என்று அவளே கிராமத்துப் பக்கம் கிளப்பிவிட்டாள். பத்து வாரம் இருந்தோம். அதில் நான் கல்லைப் பார்த்ததைவிடக் கல்லுக்கு அடியில் இருந்ததைப் பற்றி யோசித்ததுதான் அதிகம்.

சாலிஸ்பரிக் கணக்கு இப்படி. 1220-இல் வேலை ஆரம்பித்து 1258-இல் முடித்தார்கள். முப்பத்தெட்டே வருஷம், அந்தக் காலத்துக்கு அசுர வேகம். அப்போது இந்தக் கூர்கோபுரம் கிடையாது. அது, பேராலயத்தைத் திட்டமிட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தபிறகு, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அடுத்த தலைமுறைக்கு ஆசை வந்து தூக்கி வைத்தது. கீழே நிற்கும் நான்கு தூண்களைக் கேட்டா வைத்தார்கள்? கோபுரத்துக்கு நேர்கீழே நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அந்தத் தூண்கள் வில்லாக வளைந்திருப்பது தெரிகிறது. பளிங்குக்கல் வளைந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். 1668-இல் கிறிஸ்டோபர் ரென் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, உச்சி இருபத்தொன்பதரை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று கணக்குச் சொன்னார். அந்த இடத்தைத் தரையில் பித்தளைத் தகட்டால் குறித்து வைத்திருக்கிறார்கள். என் காலத்தில் ஒரு சுவர் ஓர் அங்குலம் தூக்குத் தவறினாலே இடிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். இரண்டரை அடி சாய்ந்த ஒன்றின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது அந்தக் கொத்தனார்களின் முகங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன.

நிற்பதற்குக் காரணம் சரளை. ஆற்றோரப் புல்வெளிக்கு அடியில் கெட்டியான சரளைப் படுகை இருக்கிறது. அதில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் அதே மட்டத்தில் இருக்கும்வரை படுகை அசையாது. வற்றினால்தான் ஆபத்து. அதனால்தான் குச்சி. எங்கள் ஊரில் ஆற்றில் ஸ்கேல் பார்க்கும் லஸ்கர் தினமும் செய்கிற வேலைதான் இது. அவருக்கு ஓய்வூதியமாவது உண்டு, இந்த அம்மாள் சம்பளமே வாங்காத தன்னார்வலர்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்த வில்லியம் கோல்டிங், போதாத கடைக்காலின் மேல் கோபுரம் எழுப்பத் துடிக்கும் ஒரு பாதிரியாரை வைத்து 1964-இல் 'தி ஸ்பையர்' என்று ஒரு நாவல் எழுதினார். மகள் வாங்கிக் கொடுத்தாள். நாற்பது பக்கத்தோடு நிற்கிறது. அந்தத் தூண்களைத் தினமும் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தியவருக்கு அந்தக் கதை தோன்றாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அங்கே இன்னொரு தண்ணீரும் உண்டு. நடுக்கூடத்தில் சிலுவை வடிவில் பெரிய ஞானஸ்நானத் தொட்டி. 2008-இல் வில்லியம் பை என்ற சிற்பி செய்தது. விளிம்புவரை தண்ணீர் ததும்பி நிற்கிறது. ஆனால் அசைவே தெரியாது. நான்கு மூலைகளில் மட்டும் நூல் பிடித்ததுபோல் ஒழுகித் தரைக்குள் போகிறது. மேலேயுள்ள வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளும் அதில் தலைகீழாகத் தெரிகின்றன. நான் இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, மெருகேற்றிய கருங்கல் மேஜை என்று நினைத்து, கைப்பையை அதன்மேல் வைத்துவிட்டாள். மாத்திரை, பாஸ்போர்ட் நகல், மைசூர்பாகுப் பொட்டலம் எல்லாம் ஞானஸ்நானம் வாங்கின. ஓடிவந்த பணியாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் முதல் ஆள் இல்லை என்று சமாதானம் சொன்னார்.

"தண்ணின்னு ஒரு போர்டு வைக்கக் கூடாதாங்க?" என்றாள் இவள். நியாயம்தான்.

மாக்னா கார்ட்டாவையும் பார்த்தோம். 1215-இன் மூலப் பிரதிகள் நான்குதான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் நன்றாகப் பிழைத்தது இங்கே. முந்தைய ஆண்டு அக்டோபரில் ஒருவன் சுத்தியலால் அதன் கண்ணாடிப் பெட்டியை அடித்திருந்ததால் காவல் கெடுபிடி. எறும்பு ஊர்ந்ததுபோல் லத்தீன் எழுத்து. பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுவாரம் ஊருக்கு வடக்கே இரண்டு மைலில் இருக்கும் ஓல்ட் சேரம் மேட்டுக்குப் போனோம். சாலிஸ்பரி முதலில் இருந்தது அங்கேதான். பழைய மண்கோட்டை, அதன்மேல் நார்மன் அரண்மனை, பக்கத்தில் முதல் பேராலயம். 1092-இல் அதைப் பிரதிஷ்டை செய்த ஐந்தாம் நாள் புயல் வந்து சேதப்படுத்தியது. பிறகு திரும்பக் கட்டினார்கள். ஆனால் காற்று ஓயவில்லை, கோட்டைச் சிப்பாய்களோடு சண்டை ஓயவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக மேட்டில் தண்ணீர் இல்லை. தண்ணீர்ப் பஞ்சம் தாங்காமல் இறங்கி வந்தவர்கள் தண்ணீர் மேலேயே கோயிலைக் கட்டிக்கொண்டார்கள்! பழைய கற்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இப்போது மேட்டில் இருப்பது புல்லும், புல்லில் குறித்து வைத்த பழைய பேராலயத்தின் தரைப்படமும்தான். எனக்கு அது பிடித்திருந்தது. வரைபடத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் தரையில் விரித்து வைத்ததுபோல், சுவர் எங்கே, தூண் எங்கே என்று நடந்தே பார்க்கலாம். மனைவி காற்றுக்குப் பயந்து சால்வைக்குள் போய்விட்டாள்.

அந்த வெறும் மேட்டுக்கு ஒரு விசித்திரப் பெருமை உண்டு. ஊரே காலியான பிறகும் 1832 வரை அது நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. 1831-இல் வாக்காளர்கள் பதினொரு பேர். ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை. நிலம் யாருடையதோ அவர் கைகாட்டுபவர்தான் உறுப்பினர். அந்த நிலத்தை வாங்கியவர்களில் ஒருவரை எனக்கு முன்பே தெரியும். சேப்பாக்கம் அலுவலகத்தில் இருந்த காலத்தில் பழைய சென்னை பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த தாமஸ் பிட். 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது இவர் காலத்தில்தான். என் மைத்துனர் வீடு வியாசர்பாடியில் இருக்கிறது.

பிட்டின் கதையைக் கேளுங்கள். கம்பெனியின் அனுமதி இல்லாமல் திருட்டு வியாபாரம் செய்து, கம்பெனியோடு மல்லுக்கு நின்ற ஆள். கடைசியில் கம்பெனி அவரையே கவர்னராக்கியது. ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் பட்டை தீட்டாத வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு, அதாவது 20,400 பவுனுக்கு, பேரம் பேசி வாங்கினார். மகன் கையில் கொடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். செருப்புக் குதிகாலில் ஒளித்துக் கொண்டுபோனான் என்று ஒரு கதை. லண்டனில் பட்டை தீட்டியபின் 140 காரட் ஆனது. 1717-இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றது. இப்போது பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. வைரத்தை விற்ற ஆண்டே பிட் கார்ன்வாலில் பொக்கனாக் என்ற பெரிய பண்ணையை வாங்கினார். ஓல்ட் சேரத்தை அவர் வைரம் கைக்கு வருவதற்கு முன்பே வாங்கிவிட்டார். அது முந்தைய இந்திய வியாபாரக் காசு. பேரன் வில்லியம் பிட் 1735-இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது இந்த ஆளில்லா மேட்டின் உறுப்பினராகத்தான். பிற்பாடு அவர் பிரதமரானார், அவர் மகனும் ஆனார்.

மேட்டின் விளிம்பில் நின்று பார்த்தால் தெற்கே அந்தக் கூர்கோபுரம் ஊசிபோல் தெரிகிறது. நான் மனைவியிடம், "இந்த மேட்டை வாங்கின காசு நம்ம பக்கத்துக் காசு" என்றேன். அவள், "அப்போ டிக்கெட் எதுக்கு வாங்கினாங்க நம்மகிட்ட?" என்றாள்.

எஸ்டேட் பார்க்கப் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னபோது இவள் வால்பாறை மாதிரி தேயிலைத் தோட்டத்தை எதிர்பார்த்தாள். போனது ஸ்டவர்ஹெட். வில்ட்ஷையரின் மேற்கு ஓரம், அக்டோபர் கடைசி வாரம், மரமெல்லாம் மஞ்சளும் செம்பும். லண்டன் ஃபிளீட் தெருவில் வங்கி வைத்திருந்த ஹோர் குடும்பம் 1717-இல் வாங்கிய இடம். பிட் வைரத்தை விற்ற அதே ஆண்டு என்பதை மாப்பிள்ளையிடம் சொன்னேன், அவர் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தார். 1720-இல் சவுத் சீ கம்பெனிப் பங்குகள் ஊதிப் பெருத்து வெடித்தபோது பெரிய பெரிய ஆட்களே திவாலானார்கள். ஹோர் வங்கி உரிய நேரத்தில் விற்று லாபம் பார்த்தது. அந்தக் கம்பெனியின் தொழில்களில் ஒன்று, ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றி அமெரிக்கக் கண்டத்தில் அடிமைகளாக விற்பது. இதையும் சேர்த்துத்தான் அந்த ஏரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் ஏரி அவ்வளவு அழகு. வங்கி நிறுவனரின் பேரன் இரண்டாம் ஹென்றி ஹோர், 1740-களில் தொடங்கி, பள்ளத்தாக்கில் ஊறிவரும் ஸ்டவர் ஆற்றை மறித்து உண்டாக்கியது. கரையைச் சுற்றி நடந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கிரேக்க மண்டபமோ ரோமானியக் கோயிலோ மரங்களுக்கிடையில் எட்டிப் பார்க்கும். எதிர்க்கரையில் இருப்பது பாந்தியன். எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். கல்குகை ஒன்று இருக்கிறது. உள்ளே ஊற்றுநீர் வழிய, படுத்துறங்கும் கன்னியின் சிலை. நான் இதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே கரையைத் தேடினேன். ஏரி என்றால் கரை இருக்கவேண்டும், கலிங்கு இருக்கவேண்டும். எங்கே? யாரும் காட்டமாட்டேன் என்கிறார்கள். பலகையும் இல்லை. பாதையில் ஓர் இடத்தில் இடதுபக்கம் ஏரியும் வலதுபக்கம் சரேலென்ற பள்ளமும் வந்தபோதுதான், நான் கரையின்மேல் நின்றுகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. மண்கரை. மரமும் புல்லும் மண்டி, இயற்கையாக வந்த மேடுபோலவே இருந்தது. இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகக் கசியாமல் நிற்கிறது. கீழே பாறைகளில் விழுந்து சலசலத்த அருவியும் கலிங்குதான். அதையும் வேடம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பாந்தியனை நான் இன்றைக்கு வரைந்து காட்டமுடியாது. அந்தக் கரையின் சரிவை எம்.புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏற்றுகிற அளவுக்கு ஞாபகம் இருக்கிறது.

மாளிகைக்குள் ஒரு தன்னார்வலர் கடைசி ஹோர் தம்பதியைப் பற்றிச் சொன்னார். சர் ஹென்றி, லேடி ஆல்டா. 1902-இல் மாளிகையின் நடுப்பகுதி எரிந்தது, திரும்பக் கட்டினார்கள். ஒரே மகன் முதல் உலகப்போரில் காயப்பட்டு 1917-இல் இறந்தான். வாரிசு இல்லாத இடத்தை 1946-இல் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்தார் கிழவர். 1947 மார்ச் 25 அன்று அவரும் மனைவியும் சில மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் போனார்கள். அதுவரை சூடான ஸ்கோனும் க்ரீமும் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அந்தப் பையனின் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்தபிறகு, "இவ்ளோ பெரிய வீட்டுல ரெண்டே பேரு, முப்பது வருஷங்க" என்றாள்.

அங்கிருந்து மாப்பிள்ளை வெல்ஸுக்கும் கொண்டுபோனார். ஊற்றுகளால் பெயர் பெற்ற ஊர். அரண்மனை அகழியில் அன்னங்கள் பசித்தால் கயிற்றை இழுத்து மணியடிக்குமாம். 1850-களில் ஒரு பிஷப்பின் மகள் பழக்கியது. நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம். ஒன்றும் அடிக்கவில்லை. பேராலயத்தில் கோபுரத்தை உயர்த்தப்போய்க் கீழே மண் அமுங்கி விரிசல் விட்டதாம். 1338 முதல் பத்து வருஷத்தில் ஒரு வளைவின் தலைமேல் இன்னொரு வளைவைக் கவிழ்த்து, கத்தரிக்கோல்போல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நேற்றுப் போட்ட கான்கிரீட் மாதிரி இருந்தது. முட்டுக் கொடுத்ததை இவ்வளவு பகிரங்கமாக, வெட்கமே இல்லாமல் நடுக்கூடத்தில் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

வின்செஸ்டருக்கு மட்டும் மூன்று தடவை போனேன். முதல் தடவை ஜேன் ஆஸ்டினுக்காக. வடக்குப் பக்கக் கூடத்தில் 1817-இல் அவரைப் புதைத்த இடத்துக் கல்லில் அவருடைய நல்ல குணங்கள் எல்லாம் இருக்கின்றன, நாவல் எழுதியது மட்டும் இல்லை. பல வருஷம் கழித்துப் பக்கத்துச் சுவரில் பித்தளைப் பலகை வைத்துத் திருத்திக்கொண்டார்கள். இவருடைய அத்தை ஃபிலடெல்ஃபியா 1752-இல் கப்பலேறி மதராஸ் வந்து, மறு ஆண்டு கடலூரில் டைசோ சால் ஹான்காக் என்ற கம்பெனி மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். என் முதல் போஸ்டிங் கடலூர். தேவனாம்பட்டினத்தில் கோட்டை இடிபாட்டைச் சாயங்காலங்களில் சுற்றியிருக்கிறேன். அங்கே ஒரு வெள்ளைக்கார மருமகள் வெயிலில் புழுங்கியிருப்பாள் என்று அப்போது தெரியாது.

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வில்லியம் வாக்கருக்காக. 1079-இல் கட்டத் தொடங்கிய இந்தப் பேராலயம் நிற்பது சதுப்பின்மேல். சரளை கிடக்கிறது ரொம்ப ஆழத்தில். அதற்கு மேலே மக்கிய தாவர மண். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் பிளந்து கல் உதிர ஆரம்பித்தது. சுவரோரம் தோண்டினால் குழிக்குள் தண்ணீர் பொங்குகிறது. இறைக்கலாமே என்பீர்கள். இறைத்தால் தண்ணீரோடு மண்ணும் வந்துவிடும், சுவர் உட்கார்ந்துவிடும். இந்த நிலைமையில் நான் இருந்திருக்கிறேன்; என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பை மேலே அனுப்பியிருக்கிறேன். இங்கே பிரான்சிஸ் ஃபாக்ஸ் என்ற பொறியாளர் ஒரு மூழ்காளியைக் கூப்பிட்டார்.

1906 முதல் 1911 வரை வாக்கர் அந்தக் குழிகளுக்குள் இறங்கினார். கனத்த உடுப்பு, உலோகத் தலைக்கவசம், ஈயக் காலணி. கலங்கிய கறுப்புத் தண்ணீர். விளக்கு கொண்டுபோயும் பிரயோஜனமில்லை. கையால் தடவித் தடவி மக்கிய மண்ணை அகற்றி, சரளையின்மேல் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி, குழியின் அடியை அடைப்பார். பிறகு தண்ணீரை இறைத்துவிட்டுக் கொத்தனார்கள் செங்கல் வைத்து மேலே கொண்டுவருவார்கள். 25,800 மூட்டை கான்கிரீட், 1,14,900 கான்கிரீட் கட்டிகள், 9,00,000 செங்கல். இந்தக் கணக்கை அங்கே படித்தபோது, யாரோ ஒரு பொறுப்பான மேஸ்திரி ஒவ்வொரு மூட்டையையும் கோடு போட்டு எண்ணியிருக்கிறார் என்று எனக்கு ஒரு திருப்தி. வாக்கர் 1918 இன்ஃப்ளுயன்சாவில் இறந்தார்.

அவருக்கு 1964-இல் ஒரு சிலை வைத்தார்கள். திறந்தபிறகுதான் தெரிந்தது, முகம் வாக்கருடையது இல்லை. பொறியாளர் ஃபாக்ஸின் முகம். பழைய படம் ஒன்றைப் பார்த்துச் சிற்பி ஆளை மாற்றிவிட்டார். சரியான முகத்தோடு புதிய சிலை வர 2001 ஆயிற்று. இதைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்ததில் அங்கே ஜெபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் துறையில் நான் கையெழுத்துப் போட்ட கல்வெட்டுகள் ஐந்தாறு உண்டு. மதகுக்கு மதகு பலகை அடைத்த லஸ்கர்களின் பெயர் ஒன்றிலும் கிடையாது.

வாக்கரால் சுவரைத்தான் நிறுத்த முடிந்தது, தண்ணீரை இல்லை. இன்றும் மழைக்காலத்தில் நிலவறைக்குள் அது ஏறி வருகிறது. அங்கே ஆன்டனி கோர்ம்லி 1986-இல் செய்த ஈயச் சிலை ஒன்று தனியாக நிற்கிறது: குவித்த கையில் தண்ணீரை ஏந்திக் குனிந்து பார்க்கும் மனிதன். நாங்கள் போனபோது அவன் உலர்ந்த தரையில் நின்றான். தண்ணீர் பார்க்கவேண்டுமென்றால் குளிர்காலத்தில் வாருங்கள் என்றார் காவலர். எங்கள் டிக்கெட் நவம்பர் இரண்டாம் வாரம்.

2020 பிப்ரவரியில் இங்கிலாந்தில் பேய்மழை. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நிலவறை முழுக்கத் தண்ணீர், கண்ணாடிபோல். சிலைக்கு முழங்கால்வரை. வளைவுகள் தலைகீழாக. இரவு வேலைக்குக் கிளம்புமுன் முந்தின சாயங்காலம் எடுத்தாளாம். நான் சட்டென்று பதில் போட்டேன்: "படி எத்தனை முழுகியிருக்கு? சுவரில் பழைய ஈரக்கோடு அதற்கு மேலேயா, கீழேயா?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "அப்பா, இப்போதான் டியூட்டி முடிஞ்சுது. தூங்கிட்டு, நாளைக்குப் போய் அளந்துட்டு வரேன்."